பிணைப்பற்ற அணுக்கருக்களைக் கணிக்க எந்த முறை? பெட்டி, ஆர்-மேட்ரிக்ஸ், கலப்புச் சுழற்சி, காமாவ் அடிப்படை

ஹீலியம்-5 அணுக்கருவின் முதல் கிளர்வு நிலை எந்த ஆற்றலில் இருக்கிறது? 1988-இல் வந்த மதிப்பீட்டுத் தொகுப்பு, தரைநிலைக்கு மேல் ஏறத்தாழ 4 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.) என்றது. 2002-இல் வந்த தொகுப்பு 1.27 என்கிறது. இடைப்பட்ட காலத்தில் நியூட்ரான்–ஆல்ஃபா சிதறல் தரவுகள் தலைகீழாக மாறிவிடவில்லை. அந்தத் தரவிலிருந்து ஒரு 'நிலை'யை எடுக்கும் வழிதான் மாறியது.

பிணைப்பற்ற நிலைகளை, அதாவது உருவானதும் தானாகவே துகளை உதிர்த்து உடைந்துவிடும் நிலைகளை, கணிக்க வரும் ஆராய்ச்சி மாணவர் முதலில் கேட்பது, "எந்த முறை துல்லியமானது?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கணக்கின் முடிவை எதன் அருகில் வைத்துப் பார்க்கப் போகிறீர்கள்? ஆய்வகத்தில் அளந்த சிதறல் வளைகோட்டின் அருகிலா, அல்லது சிதறல் அணியின் (மோதலின் விளைவை ஆற்றலைப் பொறுத்துச் சொல்லும் சார்பின்) துருவம், அதாவது அது முடிவிலியாகும் புள்ளி, கலப்பெண் தளத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இரண்டு எண்களின் அருகிலா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முறையைத் தேர்வதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி அகலத்தைப் பொறுத்தது: நிலையின் ஆற்றல் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே அகலம், அது கூடினால் ஆயுள் குறையும்.

ஹீலியம்-5-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் தரைநிலை (ஸ்பின் 3/2), ஆல்ஃபாவும் நியூட்ரானும் தனித்தனியாக நிற்கும் வாசல் ஆற்றலுக்கு 0.80 மெ.எ.வோ. மேலே இருக்கிறது. அகலம் 0.65. ஆயுளாக மாற்றினால் ஒரு வினாடியைப் பத்தின் 21-ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் நேரம். இந்த நிலைக்கான கட்டப் பெயர்ச்சி (சிதறும் அலை தள்ளிப்போகும் கோணம்) விறுவிறுவென ஏறி 90 பாகையைக் கடக்கிறது, அதனால் எவரும் இதை ஒத்ததிர்வு, அதாவது சற்று நேரமாவது நிற்கும் நிலை, என்று ஒப்புக்கொள்வார்கள். அடுத்ததான ஸ்பின் 1/2 நிலை அப்படியில்லை. அதன் கட்டப் பெயர்ச்சி மெதுவாக ஏறி, 90-ஐத் தொடாமலே தளர்ந்துவிடுகிறது. "90 பாகையைக் கடக்கும் ஆற்றலே ஒத்ததிர்வு ஆற்றல்" என்ற பாடநூல் வரையறைப்படி அப்படி ஒரு நிலையே இல்லை. துருவத்தைத் தேடினால் வாசலுக்கு மேல் 2.07-இல், 5.57 அகலத்துடன் இருக்கிறது. அகலம் ஆற்றலைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! அளக்கக்கூடிய ஆற்றல்கள் உள்ள மெய்யச்சில் நின்று பார்ப்பவருக்கு இத்தனை தொலைவில் இருக்கும் துருவம் ஒரு மங்கலான மேடாகத்தான் தெரியும்.

இதற்கு நேர் எதிர்முனையில் பெரிலியம்-8 இருக்கிறது. இரண்டு ஆல்ஃபா வாசலுக்கு மேல் 91.84 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; அகலம் வெறும் 5.57 எலக்ட்ரான் வோல்ட். ஹீலியம்-5-இன் தரைநிலையைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் நீண்ட ஆயுள். இரண்டுமே 'பிணைப்பற்றவை' என்ற ஒரே சொல்லுக்குள் வருகின்றன. ஆனால் ஒன்றுக்குப் பொருந்தும் கருவி மற்றதற்குப் பொருந்தாது.

பெட்டிக்குள் அடைப்பது

எளிய வழியிலிருந்து தொடங்கலாம். அணுக்கருவை ஒரு பெரிய கோளப் பெட்டிக்குள் வைத்து, சுவரில் அலைச்சார்பு சுழியாக வேண்டும் என்று கட்டளையிடுகிறோம். தொடர்மம் (வாசலுக்கு மேல் இடைவெளியின்றித் தொடரும் ஆற்றல்கள்) தனித்தனி மட்டங்களாக உடைந்துவிடும். பெட்டியின் ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சாதாரணத் தொடர்ம மட்டங்கள் ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் கீழே இறங்கும். ஒத்ததிர்வு மட்டம் மட்டும் அசையாமல் நிற்கும், ஏனெனில் அதன் அலைச்சார்பு பெரும்பாலும் அணுக்கருவுக்குள்ளேயே இருக்கிறது, சுவர் எங்கே என்பது அதற்குத் தெரியாது. 1970-இல் ஹாசி, டெய்லர் இருவரும் இதை நிலைநிறுத்தல் முறையாக வடித்தார்கள். கையில் ஏற்கெனவே இருக்கும் ஷெல் மாதிரி (புரோட்டான், நியூட்ரான்களை ஓடுகளில் அடுக்கும் மாதிரி) நிரலை அப்படியே பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய வசதி.

குறுகிய நிலையின் ஆற்றல் மட்டும் போதும் என்றால் இதுவே போதும். அகலம் வேண்டும் என்றால்தான் சிக்கல். ஹீலியம்-5-ஐ 20 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி என்பது ஒரு மீட்டரைப் பத்தின் 15-ஆம் அடுக்கால் வகுத்த நீளம்) பெட்டியில் வைத்துப் பாருங்கள். 0.8 மெ.எ.வோ. அருகே அடுத்தடுத்த மட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 1.4 மெ.எ.வோ. இடைவெளி இருக்கும், அதாவது நிலையின் அகலத்தைவிட இரு மடங்கு. ஒத்ததிர்வின் வடிவத்தைப் பார்க்க அந்த அகலத்துக்குள் சில மட்டங்களாவது விழ வேண்டும், அதற்குப் பெட்டி 100 ஃபெர்மி அளவுக்குப் பெரிதாக வேண்டும். ஸ்பின் 1/2 நிலைக்கோ அசையாமல் நிற்கும் மட்டம் என்று ஒன்று தோன்றவே தோன்றாது. பெட்டியில் கிடைத்த ஏதோ ஒரு மட்டத்தை "அகன்ற ஒத்ததிர்வு" என்று பெயரிட்டு எழுதுவது தவறான பழக்கம், அது பெட்டியின் அளவைத்தான் சொல்கிறது.

ஆர்-மேட்ரிக்ஸ்

விக்னரும் ஐசன்பட்டும் 1947-இல் கொடுத்த இந்த முறை, 1958-இல் லேன், தாமஸ் எழுதிய பெரிய மீளாய்வுக்குப் பிறகு அணுக்கரு வினைகளின் அன்றாட மொழியாகிவிட்டது. ஓர் எல்லை ஆரத்தைத் தேர்ந்து வெளியை இரண்டாகப் பிரிக்கிறோம். உள்ளே அணுவிசை முழுவதும். வெளியே கூலும் விசை (மின்னேற்றங்களுக்கு இடையிலான விசை) மட்டும். உள்ளே அலைச்சார்பை ஏதாவதோர் அடிப்படையில் (தெரிந்த சார்புகளின் தொகுப்பில்) விரித்து, எல்லையில் வெளியே உள்ள கூலும் சார்புகளோடு பொருத்துகிறோம். எல்லாம் மெய்யெண் ஆற்றலிலேயே நடக்கிறது, ஆகவே வரும் விடை கட்டப் பெயர்ச்சியும், வினை நடக்கும் வாய்ப்பின் அளவான வினைக் குறுக்குப்பரப்பும். சோதனையாளர் அளப்பதும் அவற்றைத்தான்.

ஒரே பெயரில் இரண்டு வேறு தொழில்கள் இருப்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, தரவுக்குப் பொருத்துவது: மட்ட ஆற்றல்களையும் குறுக்கிய அகலங்களையும் (எல்லையில் அலைச்சார்பின் அளவைச் சொல்லும் எண்கள்) சுதந்திர அளவுருக்களாக வைத்து அளந்த வளைகோட்டுக்குப் பொருத்துகிறோம். நோட்ர டேம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அசூர்-2, ஓக் ரிட்ஜின் சாமி போன்ற நிரல்கள் இதற்கானவை. மற்றொன்று, கணிப்பது: ஹாமில்டோனியனை (அமைப்பின் ஆற்றலைத் தரும் செயலியை) கொடுத்துவிட்டுச் சமன்பாட்டைத் தீர்க்கும் கருவியாக மட்டும் ஆர்-மேட்ரிக்ஸைப் பயன்படுத்துகிறோம். இதற்கு டெஸ்கூவ்மோன், பாய் இருவரும் 2010-இல் எழுதிய மீளாய்வைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரியாது. முதல் வகையில் எல்லை ஆரத்தை மாற்றினால் குறுக்கிய அகலங்களும் மாறும். இரண்டாம் வகையில் ஆரத்தை மாற்றினால் விடை மாறவே கூடாது. மாறினால் கணக்கில் பிழை. இந்தச் சோதனை உள்ளேயே அடங்கியிருப்பதால்தான் முதன்முதலில் கற்க வேண்டிய முறை இதுவே என்கிறேன்.

இதை விலக்கவே முடியாத இடங்கள் உண்டு. கார்பன்-12, ஓர் ஆல்ஃபாவைப் பிடித்து ஆக்சிஜன்-16 ஆகும் வினை விண்மீன்களுக்குள் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே நடக்கிறது. எந்த ஆய்வகத்தாலும் அந்த ஆற்றலில் நேரடியாக அளக்க முடியவில்லை. மேலே அளந்ததைக் கீழே நீட்ட வேண்டும். ஆனால் 7.162 மெ.எ.வோ. வாசலுக்குச் சற்றுக் கீழே, 6.917-இலும் 7.117-இலும் இரண்டு பிணைந்த நிலைகள் ஒளிந்திருந்து தொலைவிலிருந்தே வினையை நடத்துகின்றன. சிதறல் தரவு, காமாக் கதிர்த் தரவு, பீட்டாச் சிதைவுத் தரவு அனைத்தையும் ஒரே அளவுருத் தொகுப்பால் கட்டிப்போடும் திறன் ஆர்-மேட்ரிக்ஸுக்குத்தான் இருக்கிறது. 2017-இல் டிபோயரும் சகாக்களும் செய்த விரிவான பகுப்பாய்வு, வானியற்பியல் எஸ்-காரணியை (குறுக்குப்பரப்பிலிருந்து கூலும் தடுப்பின் விளைவை நீக்கிய அளவை) 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட்–பார்ன் என்று மதிப்பிட்டது. துருவம் மட்டும் தேடும் முறைகளால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

பெரிலியம்-8 போன்ற ஊசி முனை நிலைகளுக்கும் இதுவே சரி. அங்கே 5.57 எலக்ட்ரான் வோல்ட் என்ற சின்னஞ்சிறு அகலம், கூலும் தடுப்பை ஊடுருவும் காரணியிலிருந்து வருகிறது. தடுப்பின் வெளிமுனை ஏறத்தாழ 63 ஃபெர்மி தொலைவில்! ஊடுருவு காரணியை ஆர்-மேட்ரிக்ஸ் தனியே பிரித்துத் துல்லியமாகக் கணக்கிட்டுவிடுவதால், உள்ளே இருக்கும் அலைச்சார்பு ஓரளவு சரியாக இருந்தாலே அகலம் கிடைத்துவிடும்.

பலவீனம் மூன்று உடல் சிதைவில் இருக்கிறது. ஹீலியம்-6-இன் 1.797 மெ.எ.வோ. நிலை ஆல்ஃபாவாகவும் இரண்டு நியூட்ரான்களாகவும் ஒரே நேரத்தில் உடைகிறது. அங்கே எல்லை ஆரம் என்று எதைச் சொல்வது? துண்டுகளின் இடைத்தொலைவுகளை ஒரே ஆரமாகச் சேர்க்கும் மிகைக்கோள ஆயங்களில் விரித்துச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் வாய்க்கால்களின் (உடைந்து வெளியேறும் வழிகளின்) எண்ணிக்கை பெருகி, எல்லையை நூறு ஃபெர்மிக்கு அப்பால் தள்ள வேண்டிவருகிறது.

கலப்புச் சுழற்சி

ஜார்ஜ் காமாவ் 1928-இல் ஆல்ஃபாச் சிதைவுக்கு ஆற்றலைக் கலப்பெண்ணாக எழுதினார்: மெய்ப்பகுதி நிலையின் ஆற்றல், கற்பனைப் பகுதி அகலத்தில் பாதி. 1939-இல் சீகெர்ட், வெளிச்செல்லும் அலை மட்டுமே உள்ள தீர்வாக இதை வரையறுத்தார். அழகான வரையறை, ஆனால் அலைச்சார்பு தொலைவில் அடுக்குக்குறியாகப் பெருகிக்கொண்டே போகும். காரணம் எளிது: தொலைவில் இருக்கும் துகள் முன்னரே வெளியேறியது, அப்போது சிதையாமல் இருந்த அணுக்கருக்கள் இப்போதைவிட அதிகம். கோடைக்கால ஏரியில் கரையோர ஈரத்தடம் பழைய நீர்மட்டத்தைக் காட்டுவது போல, தூரத்து அலை பழைய தொகையைக் காட்டுகிறது. இயற்பியல் சரிதான், ஆனால் இப்படிப் பெருகும் சார்பை வழக்கமான அடிப்படையில் விரிக்க முடியாது.

1971-இல் அகிலார், பால்ஸ்லெவ், கோம்ப் ஆகியோர் காட்டிய வழி: தூரத்தையே கலப்பெண் தளத்தில் ஒரு கோணம் சுழற்றிவிடுங்கள். பிணைந்த நிலைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். தொடர்மம் வாசலிலிருந்து அந்தக் கோணத்தின் இரு மடங்கு கீழ்நோக்கிச் சாயும். சாய்ந்த கோட்டுக்கும் மெய்யச்சுக்கும் இடையே சிக்கும் துருவங்கள் தனித்த ஐகன் மதிப்புகளாக வெளிப்படும். அவற்றின் அலைச்சார்புகள் பிணைந்த நிலைகளைப் போலவே தொலைவில் அடங்கிவிடும். எல்லை நிபந்தனையை நாம் எழுத வேண்டியதே இல்லை. மூன்று உடல், நான்கு உடல் சிக்கல்களில் தொலைதூர வடிவத்தை வடிவமாக எழுதவே முடியாதபோது இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அந்தச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டியவர்கள் அறிவார்கள். ஹொக்காய்டோ பல்கலைக்கழகக் குழு ஹீலியம் ஐசோடோப்புகளில் இதை நெடுங்காலம் வளர்த்தெடுத்திருக்கிறது.

எவ்வளவு சுழற்ற வேண்டும்? துருவம் வாசலிலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தில் பாதிக்கு மேல். ஹீலியம்-5-இன் தரைநிலைக்கு 11 பாகை போதும். ஸ்பின் 1/2 நிலைக்கு 27 பாகை. காஸியன் வடிவ அழுத்தம் (விசையைத் தரும் நிலையாற்றல் சார்பு) 45 பாகையில் வெடித்துவிடும், ஆகவே இரண்டுக்கும் இடமுண்டு. வுட்ஸ்–சாக்ஸன் அழுத்தத்துக்கு வேறொரு பொறி இருக்கிறது. அதற்கே கலப்பெண் தளத்தில் துருவங்கள் உண்டு. ஆரம் 7 ஃபெர்மி, மேற்பரப்புத் தடிமன் அளவுரு 0.65 ஃபெர்மி என்றுள்ள கனமான அணுக்கருவுக்கு, 16 பாகையிலேயே சுழலும் கதிர் அந்தத் துருவத்தில் மோதும். அணுக்கருவுக்கு வெளியே மட்டும் சுழற்றும் புறச் சுழற்சி முறை இதற்கு மாற்று.

இரண்டு இடங்களில் இந்த முறையை நம்ப வேண்டாம். முதலாவது, மிகக் குறுகிய நிலைகள்: பெரிலியம்-8-இன் அகலத்தைப் பிடிக்க, ஆற்றலின் கற்பனைப் பகுதியை மெ.எ.வோ.-வில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்குக் கணக்கிட வேண்டும். அடிப்படையின் குறைபாடே அதைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டாவது, மெய்நிகர் நிலைகள் (பிணைக்கச் சற்றே போதாத ஈர்ப்பிலிருந்து வருபவை): லித்தியம்-10-இல் சுழி கோண உந்தத்தோடு வாசலை ஒட்டி நிற்கும் நிலை, உந்தத் தளத்தின் எதிர்க் கற்பனை அச்சில் இருக்கிறது. அதை வெளிக்கொணர 90 பாகைக்கு மேல் சுழற்ற வேண்டும், அது நடக்காது. லித்தியம்-11-இன் ஒளிவட்டமே (வெகு தொலைவுக்குப் பரவிய அதன் நியூட்ரான் மேகமே) அந்த நிலையைப் பெரிதும் சார்ந்திருப்பதால் இந்தக் குறை சிறியதல்ல.

காமாவ் அடிப்படை

டோரே பெர்க்ரென் 1968-இல், பிணைந்த நிலைகள், ஒத்ததிர்வு நிலைகள், கலப்பு உந்தப் பாதையில் உள்ள சிதறல் நிலைகள் மூன்றும் சேர்ந்து ஒரு முழுமையான அடிப்படை ஆகும் என்று காட்டினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2002-இல், இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைப் பல துகள் ஷெல் மாதிரியாக்கின: மிஷெல், நாசரேவிச், புவோஷைச்சாக், பென்னாசூர் ஒரு பக்கம், இத் பெத்தான், லியோட்டா, சந்துலெஸ்கு, வெர்ட்ஸே மறுபக்கம். இது காமாவ் ஷெல் மாதிரி எனப்படுகிறது. பல வேலன்ஸ் (வெளி ஓட்டு) நியூட்ரான்கள் ஒன்றோடொன்று உறவாடிக்கொண்டே தொடர்மத்துக்குள் நழுவும் அணுக்கருவுக்கு இதுவே இயல்பான மொழி. பாதையைப் பொருத்தமாக வளைத்தால் மெய்நிகர் நிலையையும் அடிப்படைக்குள் சேர்க்க முடியும். கலப்புச் சுழற்சிக்கு இல்லாத வசதி அது.

விலை அணியின் அளவு. ஒவ்வொரு பகுதி அலைக்கும் (கோண உந்த மதிப்புக்கு ஒன்றாக வருவது) பாதையை இருபது முப்பது புள்ளிகளாக உடைத்தால், நான்கு நியூட்ரான்களுக்கே பரிமாணம் கட்டுமீறுகிறது. முக்கியமான கூறுகளை மட்டும் வைத்துக்கொள்ளும் அடர்த்தி அணி மறு இயல்பாக்கம் போன்ற நுட்பங்களால் சமாளிக்கிறார்கள். அணி கலப்புச் சமச்சீர் உடையது, ஹெர்மீஷியன் அல்ல. ஆகவே "மிகத் தாழ்ந்த ஐகன் மதிப்பு" என்ற வழிகாட்டி கிடையாது. ஆயிரக்கணக்கான சிதறல் தீர்வுகளுக்கு நடுவே ஒத்ததிர்வு எது என்று, தோராயமான தொடக்க நிலையோடு உள்ள மேற்பொருந்தலை வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும். வாய்க்கால்வாரியான குறுக்குப்பரப்பும் நேரடியாக வராது, அதற்குத் தனி வடிவாக்கம் வேண்டும்.

பிளவு வினைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 2.224 மெ.எ.வோ. மட்டுமே பிணைப்புள்ள டியூட்டெரான் இலக்கில் மோதி உடைவதுதான் உங்கள் சிக்கல் என்றால், மேலே சொன்னவற்றில் எதையும் தேடிப் போகாதீர்கள். ராவிட்ஷர் 1974-இல் தொடங்கி, ஜப்பானியக் குழுக்கள் செழுமைப்படுத்திய, தொடர்மத்தைக் கூறுகளாக்கி இணைந்த வாய்க்கால்களாகத் தீர்க்கும் முறையே அதற்குரியது. இயன் தாம்சனின் ஃப்ரெஸ்கோ நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. கூறுகள் ஆற்றலைச் சராசரியாக்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லித்தியம்-6-இன் 2.186 மெ.எ.வோ. நிலையின் அகலம் 24 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், அந்த இடத்தில் கூறுகளை நுணுக்கமாக வெட்ட வேண்டும்.

நான்கு நியூட்ரான்கள்: முறைகள் மோதிய இடம்

முறைத் தேர்வு விடையையே மாற்றிவிடும் என்பதற்கு நான்கு நியூட்ரான்கள் மட்டுமே சேர்ந்த டெட்ராநியூட்ரானைவிடச் சிறந்த சான்று இல்லை. 2016-இல், பிணைந்த நிலை போன்ற அடிப்படையில் கணக்கிட்டுச் சிதறல் அணியை மீட்டெடுக்கும் வழியில் சென்ற ஷிரோகோவும் சகாக்களும், 0.8 மெ.எ.வோ.-வில் 1.4 அகலத்துடன் ஒத்ததிர்வு ஒன்று இருக்கலாம் என்றார்கள். அதே ஆண்டு ஹியாமா, லசாவ்ஸ்கஸ், கார்போனெல், காமிமுரா கலப்புச் சுழற்சியால் தேடி, நம்ப முடியாத அளவுக்கு வலுவான மூவுடல் விசையைச் சேர்த்தாலொழியக் கவனிக்கத்தக்க ஒத்ததிர்வு வராது என்றார்கள். செயற்கையான பொறி அழுத்தத்தில் நியூட்ரான்களை அடைத்து, பொறியைத் தளர்த்தியபடி சுழிக்கு நீட்டிய குவாண்டம் மான்டி கார்லோ கணக்குகள் 2 மெ.எ.வோ. அருகே ஏதோ இருப்பதாகச் சுட்டின. காமாவ் அடிப்படையில் 2017-இல் வந்த கணக்கு, ஆற்றல் பொருந்தினாலும் அகலம் ஒத்ததிர்வு என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது என்றது.

2022-இல் ஜப்பானின் ரிக்கன் ஆய்வகத்தில், ஹீலியம்-8-இலிருந்து ஆல்ஃபாவைப் புரோட்டான் தட்டி வெளியேற்றிய சோதனையில், 2.37 மெ.எ.வோ.-வில் 1.75 அகலமுள்ள கூரிய மேடு தெரிந்தது. அதை அறிவித்தவர்கள் "ஒத்ததிர்வு போன்ற அமைப்பு" என்று கவனமாகச் சொன்னார்கள். மறு ஆண்டு லசாவ்ஸ்கஸ், ஹியாமா, கார்போனெல், ஒத்ததிர்வே இல்லாமல், ஹீலியம்-8-க்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்த நான்கு நியூட்ரான்கள் விடுபட்டபின் தமக்குள் உறவாடுவதாலேயே அத்தகைய மேடு எழும் என்று காட்டினார்கள். வளைகோட்டில் மேடும் இருக்கலாம், அருகே துருவம் இல்லாமலும் இருக்கலாம். இரண்டு கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக முடியும்.

இதிலிருந்து என் கருத்து உறுதியாகிறது: பிணைந்த நிலையிலிருந்து பிணைப்பற்ற நிலைக்கு நேர்கோட்டில் நீட்டுவதை, இரண்டு நியூட்ரான்களின் மெய்நிகர் நிலை வாசலுக்கு வெகு அருகில் இருக்கும் அமைப்புகளில் ஏற்கக் கூடாது. துருவத்தின் பாதை அங்கே நேராக இருக்காது. நீட்டியே ஆக வேண்டுமென்றால் குக்குலின் குழு 1977-இல் கொடுத்த, வாசலின் வர்க்கமூல இயல்பை மதிக்கும் பகுப்பாய்வு நீட்டல் முறையை எடுக்க வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்வது

இரண்டு துண்டுகளாக மட்டும் உடையும் நிலை, ஒப்பிட வேண்டியது அளந்த வளைகோடு என்றால், தயங்காமல் ஆர்-மேட்ரிக்ஸ். தனி மடிக்கணினியில், சில நூறு வரி நிரலில், நாற்பது அடிப்படைச் சார்புகளோடு ஹீலியம்-5 வேலை முடிந்துவிடும். பிறகு அதே ஹாமில்டோனியனைக் கலப்புச் சுழற்சியில் போட்டுத் துருவத்தைக் கண்டுபிடியுங்கள். தரைநிலையில் இரண்டு விடைகளும் நெருங்கி வருவதையும், ஸ்பின் 1/2 நிலையில் விலகிப் போவதையும் சொந்தக் கணக்கில் பார்த்தவருக்கு 1988, 2002 தொகுப்புகளின் வேறுபாட்டைப் பிறர் விளக்கத் தேவையிருக்காது. கட்டுரை எழுதும்போது 'அகலம்' என்ற எண் துருவத்திலிருந்து வந்ததா, வளைகோட்டின் அரை உயரத்திலிருந்து வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அகன்ற நிலைகளில் அது இல்லாத எண்ணை இன்னொருவர் பயன்படுத்தவே முடியாது.

மூன்று துண்டுகள் என்றால் கலப்புச் சுழற்சியை முதலில் வைப்பேன், கூலும் தடுப்புக்குப் பின்னே ஒளிந்த குறுகிய நிலைகள் நீங்கலாக. மெய்நிகர் நிலை இருப்பதாகச் சந்தேகம் வந்தால் சிதறல் நீளத்தை (சுழி ஆற்றலில் சிதறலின் வலுவைச் சொல்லும் எண்ணை) மெய்யச்சிலேயே கணக்கிட்டுவிடுவது நேர்மையான வழி.

2023-இல் ரிக்கனில் முதன்முறையாகக் கண்ட ஆக்சிஜன்-28 போல, ஆக்சிஜன்-24-ஐயும் நான்கு நியூட்ரான்களையும் உதிர்க்கும் அணுக்கருவில் இறங்க விரும்பினால் காமாவ் ஷெல் மாதிரிதான். அதைத் தனியாளாகப் புதிதாக எழுதத் தொடங்காதீர்கள். நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குழுவில் சேர்ந்து, முதல் வேலையாக ஆக்சிஜன்-26-ஐக் கேளுங்கள். வாசலுக்கு வெறும் 18 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மேலே நிற்கும் அந்த நிலையைச் சரியாக வைக்கும் இடைவினை எது என்று தெரியாமல் ஆக்சிஜன்-28-க்குப் போனால், கிடைக்கும் விடையில் இடைவினையின் பிழை எவ்வளவு, தொடர்மத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியிருக்காது.